வஹாக்காவுக்குப் பத்தாவது ஆள்

டிக்கெட் விற்கிறவன் உலகமெல்லாம் சுற்றி வந்திருப்பான் என்று நினைக்கிறவர்கள், அவன் நாற்காலியின் மெத்தை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்ததில்லை.

கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதியது. மலேசியாவில் பத்தாங் காலி என்ற ஊரில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். காசி, ராமேஸ்வரம், பழனி எல்லாம் நான் வாயைத் திறக்காமலே விற்றுவிடும். மூன்று வருஷமாக நான் வாயைத் திறந்து விற்கப் பார்ப்பது வஹாக்கா.

அது மெக்சிகோவின் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. தெருவிலிருந்து வாசல்வரை செண்டுமல்லி இதழைத் தூவி வழி காட்டுவார்கள். படத்தை வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள். நம் படையல் போலத்தான். ஆனால் நாம் இலையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்போம். அவர்கள் கல்லறைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசி, சாப்பிடுவார்கள்.

இதை ஒரு காலண்டர் படத்தில் முதலில் பார்த்தவள் என் மனைவி கமலா. "இங்க பாருங்க, கதவச் சாத்தல. ஒரு தடவ போயிட்டு வரணுங்க" என்றாள். "பார்ப்போம்" என்றேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. பத்துப் பேர் பணம் கட்டினால் குழுவுக்குத் துணையாக ஓர் ஊழியர் போகலாம் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அந்த ஊழியர் நான்தான் என்று முடிவு செய்துகொண்டு, 'வஹாக்கா போக ஏழு காரணங்கள்' என்று ஒரு துண்டறிக்கை எழுதினேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த கோபங்கள்தான் கீழே இருப்பவை.

மிளகாய் யாருடையது

முதல் காரணமாகச் சாப்பாட்டைப் போட்டிருந்தேன். புக்கிட் செந்தோசாவிலிருந்து ஒரு லோரி முதலாளி குடும்பத்தோடு வந்தார். மோலே என்று அங்கே ஒரு குழம்பு உண்டு, காய்ந்த மிளகாயையும் எள்ளையும் கிராம்பையும் தனித்தனியாக வறுத்து, கொக்கோ சேர்த்து அரைப்பார்கள், ஒரு விருந்துக்கு அரைக்க வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடுவார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டுபோக விடுவார்கள் என்றார்.

நான் சத்தம் போடுகிறவன் இல்லை. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவேன். மூடிக்கொண்டே சொன்னேன்: மிளகாயே அந்த நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்ததுதான். தக்காளியும் அப்படித்தான், கோயில் மாலையில் கட்டுகிற செண்டுமல்லியும் அப்படித்தான். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மொளகா நம்ம சாமான்லா அண்ணே. கடையில ஒக்காந்துகிட்டு என்னாத்துக்கு இப்படிப் புளுகுறீங்க?"

ஒரு வாரம் தள்ளி

ஒரு கணவன் மனைவி. இருவரும் ஆசிரியர்கள். துண்டறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு வந்த முதல் ஆட்கள் என்பதால் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். சிவப்புச் சாயத்துக்காகக் கள்ளிச்செடியில் பூச்சி வளர்ப்பதைப் பற்றியும், அந்தச் சாயத்தில் கம்பளம் நெய்யும் கிராமத்தைப் பற்றியும் அந்த அம்மாள் நல்ல கேள்விகள் கேட்டார். பெயர் பதியும் பாரத்தை எடுத்து நீட்டிவிட்டேன். அப்போது அவர் கணவர் கைப்பேசியில் நாள்காட்டியைப் பார்த்தார். தீபாவளி கிட்டத்தில் வருகிறதாம், பலகாரம் சுட வேண்டுமாம், தேதியை மாற்ற முடியுமா என்றார்.

அது நாம் வைக்கிற தேதி இல்லை சார், ஊரே சேர்ந்து காலங்காலமாக வைத்திருக்கிற நாள் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார்: "செத்தவங்கதானே சார், அவங்களுக்கு என்னா அவசரம்? ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்க."

பூந்தோட்டம்

முதலாளி காசிம் பாய் கெட்டவர் இல்லை. கமலா இறந்தபோது பதினாறு நாளும் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியவர். ஆனால் வியாபாரம் என்று வந்தால் அவர் கையிலிருக்கும் சிவப்புப் பேனாவுக்கு இரக்கம் கிடையாது. துண்டறிக்கையை மேசையில் விரித்தார். கல்லறையை அடித்தார். மலையுச்சியைச் சமமாக்கிக் கட்டிய பழைய நகரத்தை அடித்து 'வியூ பாயிண்ட்' என்று எழுதினார். பெண்கள் கையால் தட்டிச் சுடும் சோள ரொட்டியை அடித்து 'ஷாப்பிங்' என்று எழுதினார். ஆகஸ்ட் கடைசியில் வரும் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் இந்தப் பயணத்தையே எடுத்துவிடுவேன் என்றார்.

கல்லறை இல்லாமல் அந்த ஊருக்குப் போவது எதற்கு முதலாளி என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பூவெல்லாம் இருக்குல்ல? பூந்தோட்டம்னு போடுய்யா."

மண்டை ஓடு

ஓர் இளைஞன், கையில் குச்சி, குச்சியில் கைப்பேசி. வந்ததும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தான். அங்கே முகத்தில் மண்டை ஓடு வரைந்துகொண்டு ஊர்வலம் போவதைப் பார்த்திருக்கிறான், அது வேண்டும் என்றான். பாட்டு, பட்டாசு, வேடம் எல்லாம் உண்டு தம்பி என்று சொல்லிவிட்டு, ஆனால் இரவு கல்லறையில் இருக்கிறவர்கள் தங்கள் ஆட்களோடு உட்கார்ந்திருப்பார்கள், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்றேன். குச்சி மெல்லத் தாழ்ந்தது.

பயண நேரத்தைக் கேட்டான். இரண்டு விமானம் மாறி, ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்றேன். எழுந்துவிட்டான். போகிறபோது கேட்டான்: "அங்கிள், அந்த மேக்கப் மட்டும் போட்டுட்டு நம்ம ஊரு கம்பத்துச் சுடுகாட்டுலயே ஷூட் பண்ணா யாருக்குத் தெரியும்லா?"

பந்து

பாக்கியம் அக்கா கெர்லிங் தோட்டத்திலிருந்து பழனி டிக்கெட்டுக்கு வந்தார். முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய கை. பேனா பிடிக்கும்போதும் உளியைப் பிடிப்பது போலத்தான் பிடிப்பார். அப்போது எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மெர்டேக்காவுக்குப் பத்து நாள். சும்மா கிடந்த துண்டறிக்கையை எடுத்து, இது என்ன பள்ளம் என்று ஒரு படத்தைக் காட்டினார். மலைமேலிருக்கும் அந்தப் பழைய நகரத்தின் பந்தாட்டக் களம் என்றேன். அந்தப் பக்கத்து மக்கள் வெகுகாலத்துக்கு முன்பே மரத்தில் பால் எடுத்து, உறைய வைத்து, ரப்பர் பந்து செய்து ஆடினார்கள் என்றேன்.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். யாருக்காகப் பால் எடுத்தார்கள், எந்தத் தோட்டத்துத் துரைக்கு என்று கேட்டார். துரை இல்லை அக்கா, தங்களுக்காகத்தான் என்றேன். அவருடைய முகம் கறுத்தது. அதுவரை இந்தக் கடையில் கோபம் என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். பழனியை எடுத்து வையுங்கள், இதில் என் பெயரை எழுதுங்கள் என்றார். "காலையில இருட்டோட எந்திரிச்சு முப்பது வருஷம் பால் எடுத்தோம் தம்பி. எங்க புள்ளைங்களுக்கு ஒரு பந்து உருட்டிக் குடுக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல."

ஒன்பது

கடைசி நாள் வரைக்கும் ஒன்பதுதான். அன்று காலை தொலைபேசியில் பதினோரு பேரைக் கூப்பிட்டேன். பதினோரு பேரும் "பார்ப்போம்லா" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க எனக்குக் காது எரிந்தது. பாக்கியம் அக்கா என்ன ஆனது என்று பார்க்க பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். திட்டுகிற வேகத்தில் கமலாவையும் காலண்டரையும் சொல்லிவிட்டேன். அவர் தன் கணவருக்கு வருஷா வருஷம் பீடிக்கட்டு வைத்துப் படைப்பதையும், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவதையும் சொன்னார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்க ஆசை என்றார்.

பிறகு கேட்டார்: நீங்க ஒரு டிக்கெட் வாங்குனா பத்து ஆயிருமே? நான் வாடிக்கையாளர் இல்லை அக்கா, துணைக்குப் போகிறவன் என்றேன். மூன்று வருஷத்துக்கு முன்பே என் வங்கிக் கணக்கில் அதற்கான பணம் இருந்தது. நானே ஒரு டிக்கெட் வாங்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. விற்கிறவன் வாங்குவதில்லை என்பது இந்த நாற்காலியின் பழக்கம். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "யாருக்குத் தொணைக்குப் போறீங்க தம்பி? எங்களுக்கா, கமலாவுக்கா?"

பத்து

பாரத்தில் பத்தாவது வரியில் என் பெயரை எழுதினேன். 'பயணத்தின் காரணம்' என்ற கட்டத்தில் ஏழு காரணங்களில் ஒன்றுகூட எழுத வரவில்லை. 'கமலா' என்று மட்டும் எழுதி, கடை மூடுமுன் முதலாளியிடம் நீட்டினேன். அவர் அந்தக் கட்டத்தைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். என் கை தானாகப் பேனா மூடியைத் தேடியது. ஆனால் அவர் எதையும் அடிக்கவில்லை. அடுத்த கட்டத்தில், நான் நிரப்பாமல் விட்ட இடத்தில், ஒரு வட்டம் போட்டார். "எல்லாஞ் சரிய்யா. ஒன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

கமலா இருந்த காலத்திலேயே காலாவதியாகிவிட்ட பாஸ்போர்ட்டோடு மறுநாள் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், இந்தத் தொழிலில் என்னை ரொம்பவும் இழுத்தடித்த வாடிக்கையாளர் யார் என்று எனக்குத் தெரிந்தது.