கெட்ட செய்திக்கு இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் கெட்ட செய்தியைத் தமிழில் சொல்லக் கூடாது. வீட்டைச் சுற்றி ததாஸ்து தேவதைகள் நடமாடிக்கொண்டே இருக்குமாம். நாம் எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுமாம். விளக்கு வைக்கும் நேரத்தில் அவற்றுக்குக் காது இன்னும் கூர்மை. இது அம்மா போட்ட சட்டம். அந்தத் தேவதைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அப்பா அதில் கண்டுபிடித்த ஓட்டை. குரோம்பேட்டையில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. தேவதைகள் மட்டும் எப்படித் தப்பித்தன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அதிலும் நேரடியான ஆங்கிலம் உதவாது. ‘டெத்’, ‘கேன்சர்’ எல்லாம் இத்தனை வருஷத்தில் அவற்றுக்கும் பழகியிருக்கும் என்பாள் அம்மா. ஆகவே அப்பா ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் போய்ச் சேர்ந்தார். பரங்கிமலையில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். மின்சார ரயிலில் போய்வரும்போது படிக்க, அந்தத் தொடர்களும் அவை பிறந்த கதைகளுமாக ஒரு தடிமனான புத்தகம் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு புத்தகத்தின் அட்டை போய்விட்டது. புத்தகம் போகவில்லை.

எதிர் ஃபிளாட் பெரியவர் காலமானபோது, “ஹி கிக்டு த பக்கெட்” என்று அறிவித்தார்.

“அப்படின்னா?” என்றாள் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

அர்த்தத்தைச் சொன்னால் தமிழில் சொன்னதாகிவிடும். அதனால் அப்பா கதையை மட்டும் சொல்வார். இங்கிலாந்தில் பன்றியை அறுக்கும்போது ஒரு கட்டையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அந்தக் கட்டைக்குப் பக்கெட் என்று பெயராம். உயிர் போகிற நேரத்தில் பன்றி அதை உதைக்குமாம். சாவுச் செய்தியைவிட இது அமங்கலம் என்று எனக்குப் பட்டது. ஆனால் இங்கிலாந்தில் நடந்ததால் அம்மா அனுமதித்தாள்.

மாமா ஊரப்பாக்கத்தில் வாங்கிய மனை ‘ஒயிட் எலிஃபெண்ட்’ ஆனது. சயாம் ராஜா தனக்குப் பிடிக்காதவனுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். அதற்குத் தீனி போட்டே அவன் ஓட்டாண்டி ஆவானாம். கதை முடிந்ததும் அம்மா, “என் தம்பியச் சொல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே” என்று எழுந்து போனாள். அவளுக்கு அர்த்தம் எப்போதும் இப்படித்தான், கதையின் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதைகளில் பாதிக்கு ஆதாரமே இல்லை என்று நான் இணையத்தில் தேடிப் பார்த்து அப்பாவிடம் சொன்னேன். “உனக்கு ஆதாரம் வேணுமா, கதை வேணுமா?” என்றார். இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது?

போன வருஷம் அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ‘அண்டர் த வெதர்’ என்றார். கப்பலில் உடம்புக்கு முடியாத மாலுமியைக் கீழ்த்தளத்தில் போய்ப் படுக்கச் சொல்வார்களாம். “அப்ப நீங்களும் கீழ எறங்கிப் போயி டாக்டரைப் பாருங்க” என்றாள் அம்மா. நான்தான் கூட்டிப் போனேன்.

டாக்டருக்குச் சின்ன வயது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் ஆபத்து என்றார். கடைசியாக, “யூ ஹேவ் டு பைட் த புல்லட், சார்” என்றார். அத்தனை நேரம் வெளிறிப் போயிருந்த அப்பாவின் முகம் அந்த ஒரு வரிக்கு மலர்ந்தது. பிறகு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்துவிட்டார். அவர் யோசிக்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர், “டாக்டரு இன்னா சொன்னாரு சார்?” என்று கேட்டார்.

“நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்” என்றார் அப்பா. ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்று அர்த்தம். அவரோ, காட்டிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்று மட்டும் விளக்கினார்.

“காட்டுல உனக்கு இன்னா சார் வேல? வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு சார்.”

அப்பா என் பக்கம் திரும்பி, “அதான் சரி. மாத்திரையே போதும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத” என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாத்திரை போதாது என்று டாக்டர் சொன்னதை நானும்தானே கேட்டேன். இவர் பேசாமல் இருந்தே செத்துவிடுவார் என்று பயமாகவும் இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“பைட் த புல்லட்னு சொன்னாரு. ஒண்ணும் இல்ல.”

“அப்படின்னா?”

அப்பா மழுப்பிப் பார்த்தார். அவள் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ‘அப்படின்னா?’ என்று கேட்டு அவர் கதை சொல்லாமல் இருந்ததே இல்லை. “அந்தக் காலத்துல மயக்க மருந்து கெடையாது. போர்ல அடிபட்ட சிப்பாய்க்கு ஒடம்ப அறுத்துத்தான் வைத்தியம். அப்ப வலி தாங்கறதுக்கு அவன் பல்லுக்கு நடுவுல ஒரு துப்பாக்கிக் குண்டு...” அதற்குமேல் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். “எங்க அறுக்கணுமாம்?”

அப்பா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“அந்தச் சிப்பாய் பொழச்சானா?”

“புத்தகத்துல போடல” என்றார். இன்னொரு தொடரைத் தேடுகிறார் என்று அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. “எனக்குப் பயமா இருக்கு. செத்துப் போயிடுவேனோன்னு இருக்கு” என்றார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அவரை அதட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கும்தான் பயமா இருக்கு” என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“டாக்டருக்குப் போன் போட்டு, ஆபரேஷனுக்கு எப்ப வரணும்னு கேளு. தமிழ்லயே கேளு.”