கையை எடுங்க, டீச்சர்

செய்தி வந்தபோது மொரப்பூர் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தேன். பழைய மாணவி செல்வி போன் செய்தாள். "டீச்சர், நம்ம அமலா சிஸ்டர் போயிட்டாங்க டீச்சர்." எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கை வந்து வாயைப் பொத்திக்கொண்டது. துக்கம் தாங்காமல் பொத்திக்கொண்டேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது அப்படியில்லை என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும்.

சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கன்னியர் மடத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்த முதல் நாள், என் வகுப்புக்குள் நுழைந்து, "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா மக்ளே" என்றார். எங்களுக்கு வெள்ளம் என்றால் ஏரி உடைத்துக்கொண்டு வருவது. வகுப்பே சிரித்தது. ஆனால் ஒரு பிள்ளைகூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை. எல்லாரும் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். நானும் அப்படித்தான். சிஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் அசெம்பிளியில் அந்த வகுப்பை முன்னால் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகக் கறை பிடித்த பற்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பல்லு தேய்க்காத வாயால மாதாவுக்குப் பாட்டுப் பாடலாமா? வெக்கமா இல்லியா?" என்று மைக்கிலேயே கேட்டார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் ஆசிரியர்கள் வரிசையிலிருந்து இறங்கிப் போய்ப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்றேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. என் பல்லும் அதே பல். அங்கே நிற்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை. "நீங்க எதுக்கு டீச்சர்?" என்றார். வாயைத் திறந்து காட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடத் தலையாட்டியே சமாளித்தவள் நான். "எங்க தண்ணி அப்பிடிங்க சிஸ்டர், ஃப்ளோரைடு ஜாஸ்தி. சின்னதுல முளைக்கறப்பவே கறையோடதான் முளைக்குது. எத்தன தேய்ச்சாலும் போவாதுங்க" என்றேன். காது மடலெல்லாம் சுட்டது எனக்கு.

அடுத்த நாள் அதே மைக்கில், "நேத்து வெக்கப்பட்டிருக்க வேண்டியது நான்தான் மக்ளே" என்று சொல்லிச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதார்கள். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. மண்டி போட்டால் எங்கள் பல் வெளுத்துவிடுமா? நேராகவே கேட்டேன். "வெளுக்காது டீச்சர். இனி முளைக்கிற பல்லாவது வெளுக்கணும்" என்றார். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

ஆனால் அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. மழைத் தண்ணீருக்குத் தொட்டி கட்டினார். மடத்துக்கென்று யாரோ கொடுத்த சுத்திகரிப்பு மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்து எல்.கே.ஜி. வாசலில் மாட்டினார். "எங்களுக்கெல்லாம் பல்லு முளைச்சு முடிஞ்சாச்சு" என்பது அவர் சொன்ன நியாயம். ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் பள்ளிக் குழாயில் முதன்முதலாக வந்த அன்று நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணியை அடிக்கவைத்து ஃபாதரிடம் திட்டும் வாங்கினார். நான் முனியப்பனைக் கும்பிடுகிறவள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னை அவர் சாமிக்கு அழைத்ததில்லை. நான் சிரிக்கும்போதெல்லாம் ஒன்றை மட்டும் சொல்வார்: "கையை எடுங்க, டீச்சர்."

"போங்க சிஸ்டர், உங்களுக்கென்ன, முத்து முத்தா பல்லு. சொல்லுவீங்க" என்பேன். கையை எடுத்ததே இல்லை.

போன மாதம் மடத்தில் போய்ப் பார்த்தேன். உடம்பு ஒடுங்கிக் கிடந்தார். வயதான பிறகு கட்டிய பல்செட்டைக் கழற்றி ஒரு டம்ளரில் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் கை சட்டென்று எழும்பி வாயைப் பொத்திக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் பொத்துகிற அதே மாதிரி. "பாக்காதீங்க டீச்சர், அசிங்கமா இருக்கு" என்றார். கையை எடுங்க சிஸ்டர் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் எனக்கு விம்மல் வந்து, என் கையும் என் வாய்மேல் போய்விட்டது.

எதிரெதிரே வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். முதலில் சிஸ்டருக்குத்தான் சிரிப்பு வந்தது. கையை எடுத்துவிட்டு, பொக்கை வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். அப்புறம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, "நான் எடுத்துட்டனுங்க. நீங்க?" என்றார்.

நான் எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்கள் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர் கடைசியாகக் கேட்டது என் சிரிப்பு ஒன்றைத்தான். அதைக்கூடக் கொடுக்காமல் வந்தேனே என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடக்கத்தன்று எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார்கள். சவப்பெட்டி மேலிருந்த பூவிதழை எறும்பு ஒன்று இழுத்துப்போவதைப் பார்த்து இரண்டு பேர் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று பல். அவர்கள் கை தொங்கியபடியே இருந்தது. வாயைப் பொத்த வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது "நீங்க?" என்ற அந்தக் கேள்விதான். இந்தத் தாளைப் பிடித்து வாசிக்க ஒரு கை போதும். இன்னொன்று வாய்க்குப் போய்விடக் கூடாதென்று நான் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், நீங்கள் எல்லாரும் பார்க்கிறீர்கள். வெக்கமாத்தான் இருக்குதுங்க, சிஸ்டர்.