மாமாவை வழக்கிலிருந்து விட்டது

இத்தாலியில், பலேர்மோ நீதிமன்றத்தின் நீண்ட நடைகூடத்தில் எதிரே கிடந்த மர வாங்கில் மாமா இருந்தார். கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கும் கறுப்பு கோட்டைப் போட்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் தரையைத்தான் பார்த்தார். மாமா என் கணவரின் தாய்மாமன். அன்று நான் வாதி, அவர் பிரதிவாதி.

மொண்டெல்லோவில் ஒரு வீட்டுக்கு வெளிச்சுவர் பூசும்போது சாரம் சரிந்து என் கணவர் இறந்துபோனார். கட்டட முதலாளி மீது வழக்குப் போடத்தான் சட்டத்தரணியிடம் போனேன். என் கணவரை வேலைக்குக் கூட்டிப்போனது யார், சம்பளம் பேசியது யார், காலையில் வான் வண்டியில் ஏற்றிப்போனது யார் என்று அவர் கேட்டார். "எல்லாம் மாமாதான்" என்றேன். எங்கள் ஆட்களிடம் அது நன்றி சொல்லும் பேச்சு. சட்டத்தரணியோ மாமாவை ஆள்பிடிக்கும் தரகர் என்று நினைத்து முதலாளியோடு அவரையும் வழக்கில் சேர்த்துவிட்டார். நீதிமன்றக் கடிதம் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும். மாமி தொலைபேசியில் கேட்டா: "வேலை எடுத்துத் தந்ததுக்கு வழக்கோ? நல்ல கைமாறு, பிள்ளை." என் கணவரின் ஆட்டைத் திவசத்துக்கு, அந்த முதல் வருடத் திவசத்துக்கு, அவர்கள் வரவில்லை. வழக்குள்ள வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் முறை.

மாமாவை விட்டுவிடச் சொன்னபோது சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்தார். "யோசியுங்கள், சின்யோரா. 'இறந்தவர் என் ஆள் இல்லை, அந்தக் கிழவரின் ஆள்' என்றுதான் முதலாளி சொல்லப்போகிறார். நீதிபதி அதை நம்பினால், கிழவரும் வழக்கில் இல்லையென்றால், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது." பரவாயில்லை என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அந்த நாட்களில் பயம் உட்பட எதுவும் எனக்குள் அசையவில்லை.

நான் விட்டால் மட்டும் போதாதாம். அவரும் சம்மதிக்க வேண்டுமாம். நீதிபதி கேட்டபோது மாமா அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, என்னை விட்டால் உனக்கு நட்டம் வராதோ?"

"இல்லை, மாமா."

அது பொய். மாமா நீதிபதியின் பக்கம் திரும்பிச் சம்மதம் என்றார்.

முதலாளி மீதான வழக்கு இன்னும் முடியவில்லை. மாமா போன மாரிக்காலத்தில் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு, அவரை வழக்கிலிருந்து விட்ட பிறகு வந்த என் கணவரின் திவசம்தான் ஞாபகம் வருகிறது. பலேர்மோவின் சீசாப் பகுதியில் உள்ள எங்கள் சின்ன வீட்டில், படைத்து முடிந்த பிறகு, அவர் இலைக்கு முன்னால் இருந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"பிள்ளை, கறிக்கு உப்புக் காணாது."

"சும்மா இருங்கோ, இண்டைக்குமோ?" என்று மாமி அவரை முறைத்தா.

என் கணவர் போன பிறகு என் சமையலில் ஒருவரும் குறை சொன்னதில்லை. பாவம் என்று எல்லோரும் நல்லாயிருக்கு என்றே சாப்பிட்டுப் போனார்கள். நான் எழும்பிப் போய் உப்பை எடுத்துவந்து அவர் இலையின் ஓரத்தில் வைத்தேன்.