கையில் ஊற்றிய தண்ணீர்

மகளை முதன்முதலாகப் பள்ளியில் விட்ட நாளைப் பற்றிப் பேசினால், அவள் அழுதாளா, நான் அழுதேனா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு பேருமே அழவில்லை. எனக்கு வந்தது குமட்டல்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து, ஓர் அம்மாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி வந்தார். என் கணவருக்கு நகைத் தொழில். பட்டறை எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருந்தது. கரி அடுப்புக்கும் திராவகக் குப்பிக்கும் நடுவில் மூன்றரை வயதுப் பிள்ளையைக் கட்டி மேய்க்க முடியாமல்தான் அங்கே கொண்டுபோய் விட்டேன்.

உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை. ஆயாம்மா தன் இடுப்பில் செருகியிருந்த ஒரே துணியால் வரிசையாக எல்லா மூக்கையும் துடைத்துக்கொண்டு வந்தார். என் மகள் நான்காவது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மூக்கையும் துடைத்து முடித்துவிட்டார்.

"நீங்க கெளம்புங்க. நின்னுக்கிட்டு இருந்தீகன்னா புள்ள அழுகும்" என்றார் பள்ளிக்கூடத்து அம்மாள்.

கிளம்பினேன். மனசு கேட்காமல் பக்கத்துச் சந்துக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விட்டார்கள். ஆயாம்மா பானையிலிருந்து மொண்டு மொண்டு, ஒரே எவர்சில்வர் தம்ளரில் எல்லோருக்கும் கொடுத்தார். என் மகளும் குடித்தாள். அவளுக்கு அடுத்து நின்றவன், எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கிற பெண்ணின் மகன். அந்தக் கூட்டத்திலேயே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தது அவன் ஒருவன்தான்.

"நீ கைய ஏந்துடா."

அவனுக்கு ஏந்தத் தெரியவில்லை. மேலேயிருந்து ஊற்றிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிச் சட்டை முழுவதும் நனைந்தது. ஈர உள்ளங்கையை நக்கிவிட்டு நகர்ந்தான். பள்ளிக்கூடத்து அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது என் நெஞ்சுக்குள் முதலில் தோன்றியதை மறைக்க மாட்டேன். 'நல்லவேளை, நம்ம பிள்ளைக்குத் தம்ளரில் கொடுத்தார்கள்.' அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

சாயங்காலம் மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையை முற்றத்தில் உட்கார வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினாள். "கைய ஏந்து. ஒனக்குத் தம்ளர் கெடையாது" என்று சொல்லிச் செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். ஆயாம்மாவின் குரல் அப்படியே இருந்தது. போய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

சத்தம் கேட்டுக் கணவர் பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். "மொத நாளே புள்ளைய எதுக்கு அடிக்கிறே?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஊரு நடப்பு அது. நம்ம புள்ளைக்கா கையில ஊத்துனாக?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் நினைத்ததைத்தான் அவர் சொன்னார். அவர் வாயிலிருந்து கேட்டபோது சீ என்று இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து அம்மாளிடமே கேட்டேன்.

"நான் என்ன செய்யிறது? மத்த வீட்டுல ஒத்துக்க மாட்டாக. ஒங்க புள்ளைக்குத் தம்ளர்லதானே குடுக்குறோம்?" என்றார்.

"அப்ப எம் மகளுக்கும் கையிலயே ஊத்துங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவளோ பள்ளிக்கூடம் வேண்டும் என்று கத்தினாள்.

வாசலில் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா வந்துகொண்டிருந்தாள். சட்டை அன்றும் சலவைச் சட்டை.

"இங்க புள்ளைய விடாத. தண்ணிய அவன் கையிலதான் ஊத்துறாக" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்மா. ஒங்க வீட்டுக் கொல்லையில இல்லாததா? இங்க எழுத்தாச்சும் சொல்லித் தாராகள்ல" என்றபடி மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் கொல்லைப்புறச் சுவரில் அவளுக்கென்றே நசுங்கிய அலுமினியக் குவளை ஒன்று இருந்தது. நான் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பிருந்தே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போவேன். அன்று எடுத்துக் குப்பையில் வீசினேன். வீசிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று புரிந்தபோது என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த முறை துணி எடுக்க வந்தவளுக்கு நாங்கள் குடிக்கிற தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

என் மகள் ஐந்து வயதுவரை வீட்டிலேயே இருந்தாள். துணி வெளுக்கிறவளின் மகன் அந்தப் பள்ளியில்தான் இரண்டு வருடம் படித்தான்.