கண்டதோ, கேட்டதோ?

பாரிசின் லா சப்பலில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, அகதி வழக்கு மறுக்கப்பட்டவர்களுக்கு இலவசமாக மேன்முறையீடு எழுதிக் கொடுத்தார் அந்த யூதக் கிழவர். கழுத்துப் பட்டி நைந்த சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு வசனத்துக்கும் பேனாவை நிறுத்தி, "கண்டதோ, கேட்டதோ?" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிரெஞ்சு.

2010இல் என் அறை நண்பனுக்கு மொழிபெயர்க்கப் போனேன். ஊரில் நாங்கள் இருந்த முகாமில் இராணுவம் அவனைப் பிடித்துச் சென்றதை நேரில் கண்டவன் நான். ஆனால், முடிவுக்காகக் காத்திருந்த என் சொந்த வழக்கில், அந்த மாதம் கொழும்பில் இருந்ததாக எழுதியிருந்தேன். அது பொய்.

"அண்ணை, நீங்கள் கண்டனீங்கள்தானே? சொல்லுங்கோ" என்றான் நண்பன்.

கிழவர் என் பக்கம் திரும்பினார். "கண்டதோ, கேட்டதோ?"

"கேட்டது."

அவர் அதை எழுதவில்லை. "சாட்சியத்தை மறைப்பவனை மனிதரின் நீதிமன்றம் தண்டிக்காது, கடவுளின் நீதிமன்றம் விடாது என்று சட்டம் வகுத்தார்கள் எங்கள் பழைய மதகுருமாரான ராபிமார்" என்றார் பிரெஞ்சில்.

"என்னவாம் அண்ணை?"

"ஒண்டுமில்லை."

எனக்கு விசா கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. பின்னொரு நாள் மெட்ரோ வாசலில் கிழவரைச் சந்தித்தபோது, எங்கள் அறைக்கே வந்து பொலிஸ் நண்பனை நாடுகடத்தக் கூட்டிச் சென்றதைச் சொன்னேன்.

"கண்டதோ, கேட்டதோ?"

"கண்டது" என்றேன்.

முதல் தடவை அவர் என்னை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. இரண்டாம் தடவை நான் சொன்னது உண்மை. அந்தச் சாட்சியம் எவருக்கும் தேவைப்படவில்லை.