பாட்டு எதுவரைக்கும் வரும்

எங்கள் ஊர் ரேடியோ எந்த இடம்வரை எடுக்கும் என்று யாராவது கேட்டால், அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேன் ஓட்டுகிறவன் கண்ணை மூடக் கூடாதுதான், பேச்சுக்குச் சொல்கிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்காரர்கள் நடத்துகிற சின்ன ஸ்டேஷன் அது. பல்லடம் தாண்டி, லாரி எடைமேடை தாண்டி, பால் சொசைட்டி தாண்டி, தென்னைநார் மில் வாசல்வரை பாட்டு வரும். மில்லின் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில் இரைச்சல் ஏறி, பாடுகிறவர் குரல் அமுங்கிவிடும். கோயமுத்தூர்ப் பெரிய ஸ்டேஷன் என்றால் உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளுக்கு நடுவில்கூடக் கணீரென்று கேட்கும். பெரியவன் தூரம் ஓடுவதில் என்ன அதிசயம் இருக்கிறது? சின்னவன் எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்பதில்தான் எனக்கு ருசி.

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். காலையில் உடுமலை ரோட்டு ஊர்களிலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றி வருவேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். என் கூட்டாளி இன்னொரு கம்பெனியின் வேனை வடக்கே, பெருமாநல்லூர் வழியாகக் குன்னத்தூருக்கு ஓட்டினான். வேன் பிடிப்பதற்கு முன்னால் இருவரும் பல்லடத்தில் ஒரே தறிக்குடோனில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள். விசைத்தறி ஓடுகிற இடத்தில் வாய்விட்டுக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. கல்யாணம் நிச்சயமானதை அவன் எனக்கு அப்படித்தான் சொன்னான், சத்தமே இல்லாமல், நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டே.

காலையில் ஆட்களை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு ஒரே டீக்கடையில் கூடுவோம். முந்தின நாள் சாயங்காலம் அவனவன் வேனில் பாட்டு எங்கே நின்றது என்பதுதான் முதல் பேச்சு. கம்பெனியில் பண்டல் கார்டு என்று ஒரு அட்டை உண்டு, வெட்டின துணிக் கட்டோடு சேர்த்துக் கட்டுவது. அதன் பின்பக்கத்தில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தோம். மழை நாளில் எதுவரை, கரண்ட் போன நாளில் எதுவரை என்று எழுதுவோம். தெற்கே என் பக்கம் நார் மில். வடக்கே அவன் பக்கம் குன்னத்தூர் சந்தை. யார் பக்கம் அதிக தூரம் வந்ததோ அவனுக்கு மற்றவன் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். வேலையற்ற வேலை என்று டீ மாஸ்டர் சிரிப்பார். சிரிக்கட்டுமே.

போன வருஷம் பாட்டு சுருங்க ஆரம்பித்தது. முதலில் பால் சொசைட்டியிலேயே நின்றது. ஏதோ மேகம் என்று விட்டேன். ஆடி பிறந்தபோது எடைமேடைக்கு வந்துவிட்டது. கூட்டாளியிடம் சொன்னேன். அவன் தன் அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"என்ற பக்கமுந்தான் மாப்ள. சந்தை வரைக்கும் வந்தது இப்ப கோழிப்பண்ணையோட நின்னுக்குது."

"அப்ப ஸ்டேஷன்லதான் கோளாறு."

"பின்ன? தெக்கயும் கொறையுது, வடக்கயும் கொறையுது. கரண்டு மிச்சம் புடிக்கறாங்கடா!"

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க முடியாது. முதலில் ஏரியலை மாற்றினேன். பிறகு சண்டை போட்டு வீட்டில் அனுமதி வாங்கி, பெரிய பிராண்டில் புது செட்டே போட்டேன். புது செட்டில் ஒரு நல்ல விஷயம், அந்த உஸ்ஸென்ற இரைச்சல் சுத்தமாக இல்லை. பாட்டு நிற்கிற இடத்தில் அப்படியே அமைதியாக நின்றது. "கம்பெனி செட்டுன்னா கம்பெனி செட்டுதான்" என்று கூட்டாளியிடம் பீற்றிக்கொண்டேன். பின் சீட்டுப் பெண்கள் மட்டும், "சவுண்டு கொஞ்சம் கொறைங்ண்ணா, மண்டை வலிக்குது" என்று தினமும் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் தாங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியும் ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் அட்டைகளை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்கே போனோம், நியாயம் கேட்க. ஸ்டேஷன் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. ஒரு இளைஞர் பொறுமையாக எங்கள் பட்டியலைப் படித்தார். "டவர்ல எதையும் மாத்தலீங்க. பவரும் அதேதானுங்க, பாருங்க" என்று ஒரு மீட்டரைக் காட்டினார். "அப்ப நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்றமா?" என்று எகிறினேன். ஒருத்தன் சொன்னால் தப்பாக இருக்கலாம், இரண்டு திசையிலிருந்து இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால்? அந்த இளைஞர் மறுபடியும் மீட்டரையே காட்டினார். அப்போது பின்னாலிருந்து என் தோளை யாரோ தொட்டார்கள். ஒரு பெண், கையில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நின்றாள். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் போல முகத்தை வைத்திருந்தாள். மெதுவாகப் பேசுகிற பெண் போலிருக்கிறது என்று தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

அதற்கு அடுத்த வாரம், சாயங்கால டிரிப். வெயில் இன்னும் இருந்தது. எடைமேடை தாண்டியதும் பாட்டு நின்றது. "போச்சு, இன்னிக்கும் இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே செட்டை அணைக்கக் கையை நீட்டினேன். என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிற தையல்காரப் பெண் என் கையைத் தடுத்தாள்.

"இருக்கட்டுங்ண்ணா. நல்ல பாட்டு."

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லோருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. எல்லா உதடும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். ஒருத்தி முன் சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் போட்டாள். இன்னொருத்தி கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். பதின்மூன்று பேர் பாடுகிறார்கள், எனக்கு இன்ஜின் உறுமல் மட்டும்தான் கேட்கிறது. பால் சொசைட்டி வந்தது, பாடினார்கள். நார் மில் சுவர் முடிந்த இடத்தில் எல்லா உதடும் ஒன்றாக நின்றது. "அய்ய, போயிருச்சு" என்று ஒருத்தியின் வாய் சொன்னதைக் கண்ணாடியில் படித்தேன்.

ஸ்டேஷன் ஒரு அடிகூடச் சுருங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டு கேட்கவில்லை என்றால் வேறு என்னவெல்லாம் கேட்கவில்லை? ஆம்புலன்ஸ் கேட்குமா? பின்னால் வருகிற பஸ்? போன மாதம் ஒரு பஸ் பேய் மாதிரி திடீரென்று பக்கத்தில் முளைத்ததே, அது ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்திருக்குமோ? வீட்டில் என் சம்சாரம் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டிருக்கிறாள், நான் பதில் சொல்லவில்லை. எதிரே வந்து நின்று, "ஏனுங்க, எத்தன வாட்டி கேக்கறது? செவிடங் காதுல ஊதுன சங்குதான் உங்ககிட்டப் பேசறது!" என்றாள். ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதான். எனக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே சாவியை வாங்கிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் தறிக்கும் திரும்ப முடியாது. கண்ணை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஓட்டினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் பதினான்கு உயிர் இருந்தது.

ஒன்பதாவது நாள், குடிமங்கலம் நால்ரோட்டுக்கு முன்னால், ஒரு வண்டியைச் சுற்றிப் போக வலது பக்கம் ஒடித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் பாய்ந்து என் கையை இடது பக்கம் இழுத்தாள். பின்னாலிருந்து வந்த ஒரு டிப்பர் லாரி எங்கள் வலது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. வேன் மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். எல்லா வாயும் திறந்திருந்தது. கத்துகிறார்கள் என்று தெரிந்தது. அந்தச் சத்தம் தூரத்துத் தண்ணீர் மாதிரிதான் எனக்கு வந்து சேர்ந்தது.

"எத்தன ஹாரன் அடிச்சானுங்ண்ணா! கேக்கலீங்களா?" அவள் இன்னும் என் கையை விடவில்லை.

"கேட்டுது, கேட்டுது" என்றேன். அப்படியும் பொய்தான் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மிச்ச தூரத்தை உருட்டிக்கொண்டு போய் அவர்களை இறக்கிவிட்டேன். ஒருத்தரும் வழக்கம்போல "வர்றமுங்ண்ணா" என்று சொல்லவில்லை, அல்லது சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரும்பும் வழியில் நார் மில் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். சட்டைப் பையில் பண்டல் கார்டு இருந்தது. எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. சுருங்கினது என் பட்டியல் மட்டும் இல்லை. அவனுடையதும்தான். இருபது வருஷம் அதே தறிச் சத்தத்தில் நின்ற காதுதானே அவனுக்கும். அவன் பெருமாநல்லூரில் நாலுவழிச் சாலையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வேன் நிறைய ஆட்களோடு தாண்டுகிறவன்.

அன்றைக்கே போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலை என் வேனில் ஏறினவர்கள் ஒன்பது பேர்தான். தையல்காரப் பெண் ஏறினாள், ஆனால் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபதுக்கு மேல் போகாமல் ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். கூட்டாளி ரோட்டைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று, "மாப்ள" என்றேன். திரும்பவில்லை. இரண்டடி முன்னால் போய் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார், பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டீயை ஊதினான். அவன் பிடரிக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். என் மூச்சு பட்டுத்தான் திரும்பினான்.

"எப்படா வந்தே?"

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியில் பார்த்த உதடுகள், டிப்பர், எல்லாம். அவன் என் வாயை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். முடித்ததும் எரிந்து விழுவான் என்று நினைத்தேன். அவன் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது பூராம் பொய் மாப்ள. ஆறு மாசமா என்ற வேன்ல ரேடியோ பாடுதா இல்லையான்னே எனக்குத் தெரியாது. நீ எடைமேடைன்னு சொன்னா, சரி, நம்ம பக்கம் கோழிப்பண்ணையா இருக்கும்னு எழுதிக்குவன். நீ கொறைச்சுச் சொன்னா நானுங் கொறைச்சு எழுதுவன்."

இவன் சொன்னதை நம்பித்தான் நான் ஸ்டேஷனைத் திட்டினேன். புது செட் வாங்கினேன். கெரகம், கெரகம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் திட்ட வாய் வரவில்லை.

"அப்பறம் எப்படிடா அந்த ரோட்டத் தாண்டினே?"

"பொம்பளைங்க மூஞ்சியக் கண்ணாடியில பாப்பன். பயந்து போயிருந்தா பிரேக்கு போடுவன்." டீயைக் கீழே வைத்துவிட்டு, "ரண்டு வாட்டி லேட்டாப் போட்டுட்டன்டா. யார் மேலயும் படல" என்றான்.

இரண்டு பேருக்கும் பிழைப்பு போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் பெண்ணுக்கு அடுத்த தையில் கல்யாணம். என் பையன் இன்னும் படிக்கிறான். நான் என் வேன் சாவியை மேஜைமேல் வைத்தேன். அவன் தன்னுடையதை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் எழுந்து போய்விடுவானோ என்று எனக்கு உயிரே இல்லை. கடைசியில் என் சாவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். வைத்த கையை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

கம்பெனிக்கு நான்தான் போன் போட்டேன். "காது கேக்கறதில்லீங்க, சாயங்காலம் வேற ஆளு விடுங்க" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்று பிடிபடவில்லை. போனை டீ மாஸ்டரிடம் நீட்டினேன். அவர்தான் இரண்டு கம்பெனிக்கும் பேசினார். பேசி முடித்து, எங்களைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்து, "ஆளு விடறாங்களாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரச் சொன்னாங்க. பொறவு பாக்கலாமாம்" என்றார். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்கு மேல் என் வேன் அந்த வழியாக வந்தது, யாரோ ஒரு புது டிரைவரோடு. பதினான்கு பேரும் இருந்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையை ஆட்டி, என்னமோ கத்திச் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரியும் இருந்தது, அழுதுகொண்டு சொன்ன மாதிரியும் இருந்தது. உதட்டைப் படிப்பதற்குள் வேன் தாண்டிவிட்டது.

கூட்டாளி என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள என்னடா சொல்லுச்சு?" என்று கேட்டான். அதையேதான் நான் அவனிடம் கேட்க வாயெடுத்திருந்தேன்.