சித்தப்பா தாய்வீடு வந்த கதை

எங்கள் ஊரில் போலீஸ் அடி வாங்காமலேயே தியாகி ஆனவர் என் சித்தப்பா ஒருவர்தான். அந்தப் பட்டத்தை அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று மறுக்கவும் அன்று அவருக்குத் தெம்பில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம் அது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம், ஒரு லாரி அசையவில்லையாம் என்று ஊர் முழுக்க அதே பேச்சு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸும் நின்றுவிட்டது. மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், அந்தச் சாலையோரத்தில்தான் எங்கள் ஊர். பஸ் வராவிட்டால் வாத்தியாரும் வரமாட்டார். ஆகவே மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் போராட்டத்தை முழுமனதோடு ஆதரித்தேன்.

அப்படி ஒரு காலையில் சித்தப்பா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். மணலூர்பேட்டை அருகே வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர் அவர். ஒரே பெண், கரும்பும் நெல்லும் விளைகிற நிலம், தம்பி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அப்பாதான் முன்னின்று அந்தக் கல்யாணத்தை முடித்தார். உட்கார்ந்து சாப்பிட்டவர் மாதிரி சித்தப்பா தெரியவில்லை. காலில் செருப்பில்லை, பாதம் வீங்கியிருந்தது. சாவடியில் இருந்தவர்கள் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். முதுகெல்லாம் தடிப்பும் புண்ணும்.

"ரோட்ல அடிச்சிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், மிச்சக் கதையை ஊர்க்காரர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். சோடா வந்தது. மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் செய்த பெரிய மீசைக்காரர் ஒருவர்தான் எங்கள் ஊர் மறியலுக்குத் தலைவர். அவர் தன் தோள் துண்டை எடுத்துச் சித்தப்பாவுக்குப் போர்த்தி, ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். புண்ணில் கை பட்டுச் சித்தப்பா நெளிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். தெருப்பிள்ளைகளிடம் லத்திகளின் எண்ணிக்கையை ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா மட்டும் அதில் சேரவில்லை. அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சித்தப்பாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்ததாம். சோறு ஊட்டி வளர்த்தவள் என்பதால், புண்ணுக்கு மருந்து போடுகிற உரிமையும் அவளுடையதாகவே இருந்தது. கொல்லையில் அவரை உட்கார வைத்து விளக்கெண்ணெய் தடவியவள், தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டாள். அங்கே தோசைத் திருப்பியின் அகலத்துக்கு ஒரு சூடு, அதன் பக்கத்திலேயே ஆறிப்போன பழைய சூடு ஒன்று.

"போலீசுக்காரன் தோசை சுட்டுக்கினா அடிச்சான், தம்பி?"

சித்தப்பா திரும்பிப் பானையைப் பார்த்தார். பிறகு, "அண்ணி, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கட்டா?" என்று கேட்டார். தான் பிறந்து வளர்ந்த வீட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பானைத் தண்ணீருக்கு அனுமதி கேட்டார். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் அம்மியருகே நின்றிருந்த என் காதிலும் விழுந்தது. சித்தி கையில் எது இருக்கிறதோ அதால் அடிப்பாளாம். சோற்றுப் பானையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாளாம். மாமனார் பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வாராம். எனக்கு நம்பவே முடியவில்லை. வரும்போதெல்லாம் எனக்கு ரிப்பனும் சாத்துக்குடியும் வாங்கி வருகிற சித்தி அவள். அத்தனை நல்ல சித்தியைச் சித்தப்பா எப்படியோ கோபப்படுத்தியிருக்கிறார் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்பாவும் ஏறக்குறைய அதே தீர்ப்பைத்தான் எழுதினார். பொண்டாட்டியிடம் அடி வாங்கினேன் என்று ஒரு ஆம்பளை வெளியே சொல்ல முடியுமா, போலீஸ் அடித்ததாகவே இருக்கட்டும், பஸ் விட்டதும் மரியாதையாகப் போய்ச் சேரட்டும் என்றார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"பொண்ணு அடி வாங்கிக்கினு வந்தா வூட்ல வச்சிக்கினு, கூப்புட வர்றவங்கள நாலு கேள்வி கேக்கறோம். தம்பி வந்தா மட்டும் ஏங்க கேக்கக் கூடாது? இதுவும் தாய்வூடுதான்."

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய அன்றே சித்தப்பாவின் மாமனார் வாழைப்பழச் சீப்போடு வந்து இறங்கினார். தியாகியை வழியனுப்புவதற்காக மீசைக்காரரும் சாவடிக்காரர்களும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடு என்று அப்பா என்னை ஏவினார். நான் சொம்போடு போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அழைத்துப்போக வருகிறவர்களுக்கு, பேசி முடிக்கிறவரை பெண் வீட்டில் தண்ணீர் தர மாட்டார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டால் அனுப்பச் சம்மதம் என்று பொருள். அந்த வழக்கத்தை ஒரு ஆண் பிள்ளைக்காக யாரும் கைக்கொண்டதில்லை. அம்மா சொம்பை வாங்கி நிலைப்படிக்கு உள்ளே வைத்ததும் வாசலில் பேச்சு நின்றது. வந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

ஆனாலும் அவர் சமாளித்தார். "மறியல்ல அடிபட்டுட்டார்னு கேள்விப்பட்டோம் சம்மந்தி. பஸ்ஸு இல்ல, இல்லாட்டி அப்பவே வந்திருப்பேன். கூட்டிக்கினு போய் நல்லா பாத்துக்கறோம்" என்றார். ஊர் கட்டிய கதை அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அப்பா தலையாட்டினார். சித்தப்பா ஒரு முறை தலையாட்டியிருந்தால் போதும், மாலையோடு பஸ் ஏற்றி விட்டிருப்பார்கள்.

சித்தப்பா சட்டையைக் கழற்றினார். கழற்றிய வேகத்தில் பொத்தான் ஒன்று தெறித்தது.

"இது ரோட்ல வாங்கினது இல்லிங்க. உங்க வூட்ல வாங்கினது. அடிச்சது உங்க பொண்ணு, நீங்க பாத்துக்கினு இருந்தீங்க."

மீசைக்காரர்தான் முதலில் சிரித்தார். பலமான சிரிப்பு. அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பா எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அம்மா நிலைப்படியை விட்டு நகரவில்லை, அவருக்கு வழியும் விடவில்லை. சித்தப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"சிரிச்சி முடிங்க, அப்புறம் சொல்றேன்" என்றார். காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் பூட்டிய பானையை, ரேடியோவை, சூடு வைத்ததை எல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னார். தோசைத் திருப்பியைச் சொன்னபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக, "நான் போவல. யாரு சொன்னாலும் போவல" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாழைப்பழம் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது. எனக்கு அதில் வருத்தம்தான்.

அன்றோடு சித்தப்பா தேறிவிட்டார் என்று சொன்னால் பொய். யாராவது வேகமாகக் கையைத் தூக்கினால் அவர் தலை தானாகக் குனியும். கேட்காமல் அவராகவே பானையில் தண்ணீர் மொண்டு குடிக்க மாரிக்காலம் வரை ஆயிற்று. அன்று அம்மா ஒன்றும் கவனிக்காதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தம்பியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மரவள்ளி போட்டிருந்த நிலத்தில் ஒரு பாதியை அவர் பொறுப்பில் விட்டார்.

ஆனால் எனக்கு ஆத்திரமூட்டியது வேறொன்று. வாசலில் அத்தனை பேர் முன்னால் முதலில் சிரித்த அந்த மீசைக்காரர், சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் கொல்லைப் பக்கமாக வந்தார். மாட்டுக்கொட்டகையில் சித்தப்பாவின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. மறியலில் ஊருக்கே கேட்கிற குரலில் பேசியவர், அங்கே பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்காதபடி பேசினார். சித்தப்பா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அம்மா அவருக்குக் காபி வேறு கொடுத்தாள். சிரித்த ஆளுக்கு எதற்குக் காபி என்று நான் சண்டைக்குப் போனேன். "அவரு பேசட்டும், நீ போய்ப் படி" என்று விரட்டிவிட்டாள்.

தப்பை உணர்ந்து சித்தப்பாவுக்கு ஆறுதல் சொல்ல வருகிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் தேடி வந்தவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மீசைக்காரரை அடித்தது யார் என்று அம்மாவும் சித்தப்பாவும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.